எல்லோரும் எடுக்கும் படத்தை விட்டு விலகி: ஒளிப்பட ரசனை பற்றி யாங்கோன் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மியான்மரின் யாங்கோன், பகோ, மௌலமியேன் ஆகிய ஊர்களில் ஒளிப்படம் எடுக்கப் பழகிவரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒருசேரத் தந்திருக்கிறேன். எந்தக் கேமரா வாங்குவது என்பது போன்ற கேள்விகளை விட்டுவிட்டேன். எதைப் படமாக்குவது, அதில் தனக்கென ஒரு ரசனையை எப்படி வளர்த்துக்கொள்வது, அந்த ரசனையைப் பிறர் ஏற்காதபோது என்ன செய்வது என்பவை மட்டுமே இங்குள்ளன.

மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட ரசனை எனக்கு ஏன் வேண்டும்?

வேறுபட வேண்டும் என்பதற்காகவே வேறுபடுமாறு நான் யாரிடமும் சொல்வதில்லை. கேமராவைச் சாய்த்துப் பிடிப்பது, நிறங்களை முறுக்கேற்றுவது, முகங்களைப் பாதியில் வெட்டுவது போன்றவை ஒரு மாதம் புதுமையாகத் தெரியும். அதன்பின் எடுத்தவருக்கே அலுத்துப்போகும். நான் சொல்வது வேறு. ஒவ்வொருவருக்கும் கண் தானாகச் சென்று நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. ஒருவருக்கு அது மனிதர்களின் கைகளாக இருக்கலாம், இன்னொருவருக்கு ஈரம் ஊறிய சுவராக இருக்கலாம், வேறொருவருக்கு யாரும் உட்காராத நாற்காலியாக இருக்கலாம். பெரும்பாலோர் அந்த இடத்தில் நிற்கும் கண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ஊரார் பாராட்டும் காட்சியின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி இழுக்காமல் கண் நின்ற இடத்திலேயே தானும் நிற்கப் பழகியவருடைய படங்கள், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மற்றவர் படங்களிலிருந்து வேறுபட்டுத்தான் இருக்கும்.

உபெயின் பாலத்தையும் பகான் கோபுரங்களையும் எடுப்பதில் என்ன தவறு?

தவறு ஏதுமில்லை. அமரபுரத்தில் மாலை வெயில் சாயும் நேரத்தில் அந்தத் தேக்கு மரப் பாலத்தின் மேல் நடந்துபோகும் மனிதர்களைப் பார்த்துவிட்டுக் கேமராவை எடுக்காமல் இருப்பது எனக்கும் கடினம்தான். ஆனால் அந்தப் படம் உங்களுடையதா என்ற கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பர்மா என்றால் இன்னின்ன காட்சிகள்தாம் என்ற பட்டியல் நூறாண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌலமியேனிலும் பின்பு இரங்கூனிலும் (இன்றைய யாங்கோன்) ஸ்டூடியோ நடத்திய ஜெர்மானியரான பிலிப் கிளையர் ஷ்வேடகோன் பகோடாவையும், மரம் இழுக்கும் யானைகளையும், சுருட்டுப் பிடிக்கும் பெண்களையும் எடுத்து விற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஹூஜா என்பவர் இரங்கூனிலிருந்து வெளியிட்ட வண்ண அஞ்சலட்டைகள் அதே வகைக் காட்சிகளை உலகெங்கும் கொண்டுசென்றன. பயணிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விற்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்சிகள் அவை. பின்னாளில் அந்தப் பட்டியலில் இன்லே ஏரியில் காலால் துடுப்பு வலிக்கும் மீனவரும், பகானில் விடியற்காலையில் மிதக்கும் பலூன்களும், கதிரொளி விழும் மண்டபத்தில் குடைபிடித்து நிற்கும் இளம் பிக்குவும் சேர்ந்துகொண்டார்கள். இன்லேயில் சில படகோட்டிகள் இப்போது மீன் பிடிப்பதற்காக அல்லாமல் படம் பிடிப்பவர்களுக்காகவே அந்த ஒற்றைக்கால் நிலையில் நிற்கிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை.

என் ஆற்றாமை வேறு. இந்த நாட்டில் 4, 5 தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நாமும், வந்து ஒரு வாரத்தில் திரும்பிப் போகிறவர்களின் கண்ணைக் கடன் வாங்கி நம் ஊரைப் பார்க்கிறோம். அனோரத்தா சாலையில் காளி கோயிலுக்குப் பின்புறம் உள்ள தெருக்களில் காலை 6 மணிக்கு எந்த வீட்டு வாசலில் என்ன ஒளி விழும் என்பது அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். எந்தப் பயணிக்கும் தெரியாது. அந்த அறிவைக் கேமராவிடமிருந்து மறைத்து வைக்காதீர்கள்.

முதலில் விதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

கற்றுக்கொள்ளுங்கள். சட்டகத்தை மூன்றாகப் பிரிப்பது, சூரியன் உதித்த பின்னும் மறைவதற்கு முன்னும் உள்ள பொன்வெயிலில் எடுப்பது, முன்புலமும் பின்புலமும் ஒன்றையொன்று விழுங்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை ஒரு மழைக்காலத்துக்குள் பழகிவிடலாம். ஆனால் அவை பெரும்பாலான கண்களுக்குப் பெரும்பாலான நேரங்களில் இதமாக இருப்பவற்றைத் தொகுத்துச் சொல்லும் குறிப்புகள் மட்டுமே. உங்களுக்கு எது இதம் என்பதைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. நண்பகல் வெயிலை எல்லோரும் தவிர்க்கச் சொல்வார்கள். ஏப்ரலில் திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில், தெருவில் நிழலே இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் மனித முகங்கள் எப்படிச் சுருங்குகின்றன என்பதே உங்கள் கருப்பொருளாக இருந்தால், பொன்வெயில் உங்களுக்கு எதற்கு?

எனக்கு எது பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் இதுவே முதன்மையான கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ரசனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘எனக்கு எது பிடிக்கும்’ என்று உட்கார்ந்து யோசித்தால், பிடிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவைதாம் மனத்தில் வரிசையாக வந்து நிற்கும். நீங்கள் ஏற்கெனவே எடுத்து, நன்றாக இல்லை என்று ஒதுக்கிவைத்த படங்களில்தான் விடை இருக்கிறது. கடந்த ஒரு வருடத்துப் படங்களில், பிறர் பாராட்டியவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றில் ஒரு நூறு படங்களை 4க்கு 6 அங்குல அளவில் மலிவான தாளில் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் இதைச் செய்ய முடியாது. திரை ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் ஒழுங்காகக் காட்டும். தரையில் பாயை விரித்து நூறு படங்களையும் பரப்பி, நின்றவாறே பாருங்கள். எவை அழகு என்று தேடாதீர்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் தேடுங்கள்.

29ஆம் தெருவில் வளர்ந்த ஒரு மாணவி இப்படிப் பரப்பிப் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவள் எடுத்தவை எல்லாம் தெருப் படங்கள்: சைக்கா என்ற பக்கவண்டி பூட்டிய சைக்கிளின் ஓட்டுநர்கள், தேநீர்க் கடையின் குட்டை நாற்காலிகள், தனகா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய குழந்தைகள். ஒன்றும் சேரவில்லை என்று வருத்தப்பட்டாள். ஆனால் ஏறத்தாழ பாதிப் படங்களின் ஓரத்தில், அவள் கவனிக்காமலேயே, ஒரு கயிறு தொங்கியது. நம் நகரின் அடுக்கு வீடுகளில் மேல்மாடத்திலிருந்து தெருவரை தொங்கவிட்டிருக்கும் கயிறு அது. நுனியில் ஒரு கவ்வி இருக்கும், அதில் செய்தித்தாளையோ காய்கறிப் பையையோ மாட்டிவிட்டுக் கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். அவளுடைய கண் ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு சட்டகத்துக்குள் வரும்படி நின்றிருக்கிறது. அவளுடைய அறிவு மட்டும் சைக்காக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றுமுதல் அவள் கயிறுகளை மட்டும் எடுத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனி. ஒரு கயிற்றில் கைபடும் உயரம்வரை மட்டும் அழுக்கேறிக் கறுத்திருக்கும், அதற்கு மேல் நைலானின் பழைய நீலம் அப்படியே இருக்கும். சிலவற்றில் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டதில் நிறத்துக்கொரு துண்டாக நான்கைந்து கயிறுகள் ஒன்றாகியிருக்கும். வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போன வீடுகளின் கயிறுகளில் கவ்வி துருப்பிடித்து, வாய் திறக்காமல் இறுகியிருக்கும். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்பதைக் கூட அந்தப் படங்களிலிருந்து சொல்லிவிட முடிந்தது. அவள் ஒரு மனித முகத்தைக்கூட எடுக்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒன்று படங்களின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். அது பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு அது தூரமாக இருக்கும். எல்லாவற்றையும் 2 அடியிலிருந்தோ தெருவின் மறுகோடியிலிருந்தோதான் எடுப்பார்கள். சிலருக்கு அது நேரம், சிலருக்கு ஒரு நிறம். முதல் முறை பரப்பியதில் ஒன்றும் தெரியாவிட்டால் 3 மாதம் கழித்து மீண்டும் பரப்புங்கள்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் சலிக்காதா?

சலிக்கும். அந்தச் சலிப்புக்கு அப்பால்தான் வேலை தொடங்குகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று நம் இரண்டு மண்ணோடும் தொடர்புடையது. லின்னேயஸ் டிரைப் என்ற சென்னைப் படைப்பிரிவு அதிகாரி 1855இல் ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு அமரபுரத்துக்கு வந்து, பகான் உள்ளிட்ட இடங்களைப் படமெடுத்தார். இந்த நாட்டின் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அவை அடங்கும். அதன்பின் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகி, 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்து எடுப்பார்கள். அவரும் அதை எடுத்தார். ஆனால் அதோடு நிற்காமல், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களைப் பக்கவாட்டில் ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்தியவை மெழுகு பூசிய பெரிய தாள் நெகட்டிவ்கள். ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் கனமான கேமராவை நகர்த்தி அதே தொலைவிலும் உயரத்திலும் நிறுத்த வேண்டும். 1858இல் கல்லில் வெட்டிய தமிழ் எழுத்துகளுக்காக 21 முறை அந்தப் பாடுபட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அது அரசுப் பணியின் பகுதிதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த நீளமான தாளைப் பார்க்கும் எவருக்கும் அதில் பணியைத் தாண்டிய பிடிவாதம் தெரியும்.

அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959 முதல் சுரங்கக் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், உலைகள் போன்ற தொழில்துறைக் கட்டுமானங்களையே தொடர்ந்து எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் நேருக்கு நேர், மேகமூட்டமான வானத்தின் கீழ், நிழல் விழாத சாம்பல் வெளிச்சத்தில் எடுத்து, 9, 12, 15 என அடுக்கி மாட்டினார்கள். எல்லாவற்றையும் ஒரேமாதிரி எடுத்ததால், பார்ப்பவரின் கண் பொருள்களுக்கு இடையிலான வேற்றுமையை மட்டும் பார்க்கத் தொடங்கியது. வெனிஸ் கலைக்காட்சியில் 1990இல் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு கிடைத்தது. இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு யாங்கோன் கொடுத்துவைத்த ஊர். ஜூன் முதல் அக்டோபர் வரை அந்த நிழலற்ற சாம்பல் வெளிச்சம் நமக்குப் பல நாள்களில் கிடைக்கிறது. தெருவோரத்தில் வழிப்போக்கருக்காக வைத்திருக்கும் தண்ணீர்ப் பானைகளை ஒரே தொலைவில், ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு பருவம் முழுவதும் எடுத்துப் பாருங்கள். பத்தாவது பானையில் சலிப்பு வரும், நாற்பதாவது பானையில் மூடிகளைக் கவனிக்கத் தொடங்குவீர்கள்.

மங்கலான, குலுங்கிய படங்கள் எனக்குப் பிடிக்கின்றன. அது ரசனையா, பிழையா?

மீண்டும் அதையே வேண்டுமென்று எடுக்க முடிந்தால் ரசனை. எடுக்க முடியாவிட்டால் தற்செயல். தற்செயலும் நல்லதுதான், ஆனால் அதை உங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டுமென்றால் அது எப்படி நேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 15இல் ஒரு பங்கு என்றால் நடப்பவர் கரைவார், நிற்பவர் நிலைப்பார். அரை நொடி என்றால் கையில் பிடித்த கேமராவில் எல்லாமே கரையும். இந்த வேறுபாடு கைக்கு வந்த பிறகு, எவ்வளவு கரைய வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் உரிமை.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணி 48ஆம் வயதில், 1863இன் இறுதியில் மகள் கொடுத்த கேமராவோடு தொடங்கி, முகங்களை மென்மையாகவும் சற்றே மங்கலாகவும் எடுத்தார். ஃபோகஸ் இல்லை, தகட்டில் கறைகள் இருக்கின்றன என்று அக்கால ஒளிப்பட இதழ்கள் கடுமையாகக் குறை கூறின. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் முகம் தனக்கு அழகாகத் தெரிந்ததோ அந்த இடத்தில் லென்ஸ் திருகுவதை நிறுத்திக்கொண்டார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து அங்கும் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்த அவர் 1879இல் அங்கேயே காலமானார். இன்று அவரைக் குறை கூறிய இதழாசிரியர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலைப் படம் ஆகிவிடும் என்ற எண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் படத்தில் நிறம் ஏதேனும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நம் பழைய கட்டடங்களின் வெளிர் பச்சைச் சுவரில் மழை ஊறிக் கரும்பாசி படர்ந்திருக்கும் காட்சி நிறமின்றி வெறும் கறையாகிவிடும். நிறம் வேலை செய்யாத இடத்தில் கறுப்பு வெள்ளையே நல்லது.

கையில் கைபேசி மட்டுமே இருக்கிறது. போதுமா?

போதும், ஆனால் கைபேசிக்கென்று ஒரு ரசனை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அது இருட்டை வெளுக்கும், தோலை வழவழப்பாக்கும், மெழுகுவத்தியின் மஞ்சளை வெள்ளையாக்கப் பார்க்கும். முகத்தை அழகாக்கும் அமைப்பை இயக்கத்தில் விட்டு எடுத்தால், கன்னத்தில் பூசிய தனகாவின் உலர்ந்த வெடிப்புகளும் விரல் தடங்களும் மறைந்து, வெறும் மஞ்சள் நிறம் மட்டும் எஞ்சும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அடுத்து, திரையில் ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்கிப் பழகுங்கள். இருட்டான சந்து படத்திலும் இருட்டாகவே இருக்கட்டும். தானியங்கி அமைப்பு கோடிக்கணக்கானோருக்குப் பொதுவான ஒரு கண். உங்கள் கண் எங்கே அதோடு முரண்படுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், அதுவே உங்களைப் பற்றிய நல்ல தகவலாக அமையும்.

இன்றைய நிலையில் வெளியே போய்ப் படமெடுக்க அச்சமாக இருக்கிறது. வீட்டுக்குள் என்ன எடுப்பது?

அச்சம் நியாயமானது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தெருவில் கேமராவைத் தூக்குவது எவ்வளவு யோசிக்க வேண்டிய செயலாகிவிட்டது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. படையினரையும், சோதனைச் சாவடிகளையும், அரசுக் கட்டடங்களையும் எடுக்காதீர்கள். அவை இருக்கும் திசையில் கேமராவைத் திருப்பவும் வேண்டாம். கைபேசியைத் திறந்து காட்டச் சொல்லும் வாய்ப்பு இருப்பதால், வெளியே கிளம்பும் முன் அதில் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள். எந்தப் படமும் உங்கள் தாயின் நிம்மதியைவிடப் பெரியதில்லை.

வீட்டுக்குள் அடைபட்டிருப்பது ரசனைக்குத் தடையாகாது என்பதற்கு பிராக் நகரின் யோசெப் சூடெக் சான்று. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த அவர், 1940 முதல் 1954 வரை, நகரம் நாஜிப் படைகளின் பிடியில் இருந்த ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும், தன் ஸ்டூடியோவின் ஒரே ஜன்னலைத் தொடர்ந்து எடுத்தார். கண்ணாடியில் வழியும் நீர், பனிப்படலம், வெளியே நிற்கும் கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு குவளை: இவ்வளவுதான் பொருள்கள். அந்த வரிசையைப் பார்த்தவர்கள் அதில் ஒரு காலத்தின் பாரத்தையே உணர்கிறார்கள்.

நம் வீடுகளிலும் ஜன்னல் இருக்கிறது, மின்வெட்டும் இருக்கிறது. மின்சாரம் போன அறையில் ஒரு பக்கம் மெழுகுவத்தி, ஒரு பக்கம் கைபேசித் திரை, எதிர்வீட்டு ஜெனரேட்டரில் எரியும் குழல் விளக்கு என மூன்று விதமான ஒளி ஒரே முகத்தில் விழும். இந்த ஆண்டுகளில் இந்த நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த வெளிச்சம் நன்றாகப் பழகியது. அதை எடுத்துவைக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை.

கோயில் திருவிழாவில் எல்லோரும் தீமிதியைத்தான் எடுக்கிறார்கள். நான் என்ன எடுப்பது?

தீயை எடுப்பவர்கள் எடுக்கட்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் முண்டியடிக்க வேண்டாம். குழி வெட்டும் நாளிலேயே போய்விடுங்கள். விறகு அடுக்குகிறவர்களின் பேச்சு, கனலைக் கோலால் பரப்பும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதம், காப்புக் கட்டியவர்கள் நிழலில் ஒதுங்கி அமைதியாக உட்கார்ந்திருப்பது, மிதித்து முடித்தவர்கள் பால் ஊற்றிய குழியில் கால் வைத்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் ஆகியவை கேமராவின் கண்ணில் அதிகம் பட்டதில்லை. மறுநாள் காலையில் சாம்பலில் பதிந்த காலடிகளையும், அதை நெற்றியில் இட அள்ளிச் செல்லும் பெரியவர்களையும் பாருங்கள்.

அருள் வந்து ஆடுகிறவரை எடுப்பது பற்றிக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவரிடம் அனுமதி கேட்க முடியாது. ஆகவே முன்னதாகக் குடும்பத்தாரிடம் கேளுங்கள், எடுத்த பின் படத்தை அவரிடம் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

‘இதில் என்ன இருக்கிறது?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஒற்றைப் படத்தைக் காட்டிவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கினால் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். கயிற்றின் படம் ஒன்றை அப்பாவிடம் காட்டினால் அது கயிறுதான். ஒரே அளவில் 15 கயிறுகளைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவரே பக்கத்தில் வந்து, ‘இது நம்ம மேல்வீட்டுக்காரங்க கயிறுதானே?’ என்று கேட்பார். பழக்கமில்லாத ரசனை தன்னைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள எண்ணிக்கை வேண்டும், கால அவகாசம் வேண்டும்.

பெரியவர்களின் கேள்விக்குள் ஒரு கவலையும் இருக்கிறது, அதை அலட்சியம் செய்யாதீர்கள். 1960களில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாகி, ஏராளமான தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறிப் போன வரலாறு அவர்களுடைய தாய்தந்தையருக்கு நேர்ந்தது. பிழைப்புக்கு உதவாத எதிலும் பிள்ளை நேரத்தைப் போடுவது அவர்களுக்குப் பதற்றம் தருகிறது. கல்யாணப் படமெடுக்கும் வேலை வந்தால் அதைச் செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள். அது உங்கள் ரசனைக்குத் துரோகம் செய்வதாகாது. நியூயார்க்கில் சால் லெய்ட்டர் பகலில் நாகரிக உடை இதழ்களுக்குப் படமெடுத்துச் சம்பாதித்துக்கொண்டே, தன் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களில் மழைநீர் வழியும் கண்ணாடிகளின் ஊடாகவும், குடைகளின் விளிம்பிலிருந்தும், பல நேரங்களில் காலாவதியான மலிவு பிலிமில் வண்ணப் படங்களை எடுத்துவந்தார். 1940களின் இறுதியில் தொடங்கிய அந்த வேலை நூலாகி உலகம் அறிந்தது 2006இல். அப்போது அவர் 80ஐத் தாண்டியிருந்தார்.

வெளியாரின் கேள்வி இன்னும் கடுமையாக இருக்கும். அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த வில்லியம் எகிள்ஸ்டன் குழந்தையின் மூன்று சக்கர வண்டி, குளியலறை ஓடுகள் என அன்றாடப் பொருள்களை வண்ணத்தில் எடுத்து 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தபோது, விமர்சகர்கள் பலர் அவை சலிப்பூட்டுகின்றன என்றே எழுதினார்கள். வண்ணம் விளம்பரத்துக்கும் வீட்டு ஆல்பத்துக்கும் உரியது என்று கருதப்பட்ட காலம் அது. இன்று வண்ண ஒளிப்பட வரலாற்றை அந்தக் காட்சியைச் சொல்லாமல் எழுத முடிவதில்லை. ஆனால் ஏளனம் செய்யப்பட்ட எல்லாமே பின்னாளில் போற்றப்படும் என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிறர் வெறுப்பதால் ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. அடுத்த வருடமும் உங்களுக்கே அது பிடித்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களின் படங்களை நிறையப் பார்த்தால் அவர்களுடைய சாயல் வந்துவிடாதா?

ஒருவருடைய படங்களை மட்டும் பார்த்தால் வரும். முப்பது பேருடைய படங்களைப் பார்த்தால் வராது. புகழ்பெற்றவர்களின் படங்களோடு உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் படங்களையும் பாருங்கள். பாட்டியும் தாத்தாவும் இரங்கூன் ஸ்டூடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன் நின்று எடுத்துக்கொண்ட படத்தில், தாத்தா பர்மியக் கைலியான லோஞ்சி கட்டியிருக்கிறாரா வேட்டி கட்டியிருக்கிறாரா, கை எங்கே இருக்கிறது, திரைச்சீலையின் விளிம்புக்கு அப்பால் ஸ்டூடியோச் சுவர் எவ்வளவு தெரிகிறது என்றெல்லாம் கவனியுங்கள். உள்ளூர் ஸ்டூடியோக்காரர்களும் குடும்பங்களும் எடுத்த இத்தகைய படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பணியை மியான்மர் ஒளிப்பட ஆவணக் காப்பகம் செய்துவருகிறது. அதன் வெளியீடுகள் கையில் கிடைத்தால் பொறுமையாகப் புரட்டுங்கள். கிளையரின் அஞ்சலட்டைப் பர்மாவுக்கும் அந்தப் படங்களில் உள்ள பர்மாவுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதே?

யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி 5 மாதங்களில் கொட்டிவிடுகிறது. கேமராவைத் தோல் பையிலும் அலமாரியிலும் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்குங்கள், வாரம் ஒரு முறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒரு வரிசை முடிந்துவிட்டது என்று எப்போது சொல்வது? முடிந்ததை என்ன செய்வது?

புதிதாக எடுக்கும் படம் வரிசையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்துக்கு வருவது நின்றுபோனால், அந்த வரிசை முடிந்துவிட்டது. சிலருக்கு அது ஒரு பருவத்தில் நடக்கும், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். முடிந்ததும் 20 படங்களுக்கு மிகாமல் தேர்ந்தெடுத்து நல்ல தாளில் பிரிண்ட் போடுங்கள். கைபேசி தொலையும், வன்தட்டு கெடும், சமூக ஊடகக் கணக்கு ஒரு நாள் திறக்காமல் போகும். பிரிண்டை ஒரு தகரப் பெட்டி காப்பாற்றிவிடும். ஒவ்வொன்றின் பின்புறமும் மென்மையான பென்சிலால் தெரு, தேதி, படத்தில் உள்ளவர்களின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதிவிடுங்கள். பேனா மை இந்த ஈரத்தில் தாளின் மறுபக்கத்துக்கு ஊறிவிடும். ஒரு செட்டை வீட்டில் வையுங்கள், இன்னொரு செட்டை வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.